முப்பத்தொரு பேரும் ஹாஜர்

“மேடம், இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல எனக்கு ஒரு வாடகை வீடு பாருங்க” என்றான் மைக்கேல்ராஜ்.

“எதுக்கு?”

“முப்பத்தொரு பிள்ளைங்க. நவம்பர் மாசம் பூரா ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்ல, பேதி இல்ல, மாமா கல்யாணம் இல்ல. அந்தத் தெருத் தண்ணியில ஏதோ மருந்து இருக்கு.”

நிருபமா சிரிக்கவில்லை. மேஜைமேல் கிடந்த ஜெராக்ஸ் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோகுபாளையம் அரசு தமிழ் ஆரம்பப் பள்ளி, நான்காம் வகுப்பு, வருகைப் பதிவேடு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மழைச் சாரல் மாதிரி சாய்கோடுகள். கீழே தலைமையாசிரியையின் முத்திரை. நவம்பர் பதினேழு, செவ்வாய்க்கிழமை என்ற கட்டத்தை யாரோ சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார்கள். ஒன்பதாவது பெயர் பவானி. காலையும் ஹாஜர், மதியமும் ஹாஜர்.

அந்த இரண்டு கோடுகள்தான் இப்போது ரத்தினம்மாளின் கழுத்தைச் சுற்றியிருந்தன.

ரத்தினம்மாள் கேம்பிரிட்ஜ் லேஅவுட்டில் நான்கு வீடுகளில் வேலை செய்பவள். அந்த நான்கில் ஒன்று நிருபமாவின் வீடு; ஆறு வருடப் பழக்கம். அவளுடைய மகள் பவானிக்குப் பத்து வயது. நவம்பர் பதினேழாம் தேதி மதியம், பழைய மெட்ராஸ் ரோட்டுக்குப் பின்னால் நாராயணசாமி என்பவர் நடத்தும் மெழுகுவர்த்திப் பட்டறையில், கொதிக்கிற மெழுகு அந்தப் பெண்ணின் வலது கையில் கொட்டியது. பட்டறைக்காரர்கள் கைமேல் இங்க்கை ஊற்றி, ஆறு மணிவரை மூலையில் உட்காரவைத்து, தெருமுனையில் கொண்டுவந்து விட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் விழுந்த நேரம் இரவு ஏழு பத்து.

நாராயணசாமி அந்தப் பெண்ணைப் பார்த்ததே இல்லை என்கிறார். அவள் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தாள், பதிவேடே சொல்கிறது. சாயங்காலம் வீட்டில் அம்மாவின் ஸ்டவ்வில் சுட்டுக்கொண்டிருப்பாள், இல்லையென்றால் அம்மாவே சுட்டிருப்பாள். அவருடைய வக்கீல் இதை எழுதியே கொடுத்துவிட்டார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ரத்தினம்மாளை இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தாயிற்று. புதன்கிழமை தொழிலாளர் துறை அதிகாரி விசாரணை. அவர் பதிவேட்டை ஏற்றுக்கொண்டால், அடுத்த கேஸ் தாயின்மேல்.

இன்று திங்கள். 1998 டிசம்பர் ஏழு.

“தினமும் ஸ்கூலுக்குப் போவாளா?” என்று ரத்தினம்மாளிடம் காலையில்தான் கேட்டிருந்தாள் நிருபமா.

“போவாம்மா. அன்னிக்கு ஒரு நாள்தான், கிறிஸ்மஸ் ஆர்டர் இருக்குன்னு கூப்பிட்டாங்க” என்று பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருந்தாள் அவள்.

“மைக்கேல், இந்தக் கோடெல்லாம் பாரு. மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே சாய்வு. நாளுக்கு நாள் பேனா மாறல, கை மாறல.”

“ஒரே மூச்சுல போட்டிருக்காங்க. எங்க அப்பா ஞாயித்துக்கிழமை ஏழு நாள் ஜெபத்தையும் சேத்து முடிப்பார், அது மாதிரி.”

“அது நமக்குத் தெரியுது. முத்திரை இருக்கிற காகிதம் பொய்னு சொல்ல, முத்திரை இருக்கிற இன்னொரு காகிதம் வேணும். கிளம்பு.”

வக்கீல் கோட்டைக் கழற்றிவிட்டு நிருபமா துப்பறியும் தொழிலுக்கு வந்து எட்டு வருடம். கோர்ட் வாசலில் டைப் அடித்துக்கொண்டிருந்த மைக்கேல்ராஜ் அவளுடன் வந்து ஏழு வருடம். முதல் வருடம் அவள் தனியாக இருந்ததால்தான் ஒரு கேஸ்கூட வரவில்லை என்பது அவனுடைய வாதம்.

பள்ளிக்கூடம் ஓட்டுக் கட்டடம். ஐந்து அறைகளில் மூன்றுக்குப் பூட்டு. திறந்திருந்த இரண்டில் ஒன்றில் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் முதுகோடு முதுகு வைத்து உட்கார்ந்திருந்தன. தலைமையாசிரியை ஏதோ மீட்டிங்குக்குப் போயிருந்தார்.

வித்யாலட்சுமி டீச்சருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நிருபமா நீட்டிய கார்டை வாங்கி, அதிலிருந்த பெயரைத் தேவைக்கு அதிகமாகவே பார்த்தாள்.

“ரிஜிஸ்டர்ல என்ன இருக்கோ அதாங்க மேடம். அதுக்குமேல நான் என்ன சொல்றது?”

“பவானி அன்னிக்கு எந்த இடத்துல உக்காந்திருந்தா?”

“ரெண்டு கிளாஸ் ஒண்ணா பாக்கறேன். ஞாபகம் இல்லீங்க.”

மூன்றாம் வகுப்பில் யாரோ யாரையோ கிள்ளிவிட, டீச்சர் அந்தப் பக்கம் போனாள். நிருபமா தலைகளை எண்ணினாள். நான்காம் வகுப்பில் பதினாறு. மேஜைமேல் திருத்துவதற்காக அடுக்கியிருந்த கையெழுத்து நோட்டுகளில் மேலே இருந்ததைப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் ஒரு டிக், பக்கத்தில் தேதி. நவம்பர் 9, 10, 11. அடுத்த பக்கம் 23. இன்னொரு நோட்டை எடுத்தாள். அதிலும் பதினொன்றுக்கு அப்புறம் இருபத்து மூன்று.

டீச்சர் திரும்பி வருவதற்குள் நோட்டுகள் பழையபடி அடுக்கப்பட்டிருந்தன.

வெளியே குழாயடியில் மைக்கேல்ராஜ் பள்ளிக்கூட ஆயாவுக்குக் குடம் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது சொன்னான்:

“மேடம், போன மாசம் டீச்சர் எட்டு ஒன்பது நாள் இங்க இல்ல. ஆயாதான் பிள்ளைங்களப் பாத்துக்கிட்டாங்களாம். எங்க போனாங்கன்னா ‘ஓ ஓ டி’ங்கறாங்க. ஊட்டிக்கா, இந்தக் குளிர்லயான்னு கேட்டேன். கோவிச்சுக்கிட்டாங்க.”

“ஓ.ஓ.டி.ன்னா வேற டியூட்டி. கவர்மென்ட் டீச்சரை எதுக்கு வேணா இழுப்பாங்க. ஜனத்தொகை, ரேஷன் கார்டு, வோட்டர் லிஸ்ட்.”

“வோட்டர் லிஸ்ட்டேதான், ஆயா அதையும் சொன்னாங்க. ஆஸ்டின் டவுன். நான் இருக்கிற பேட்டை.”

நிருபமா அவன் தோளைத் தட்டினாள். “அப்போ பதினேழாம் தேதி காலையில பத்து மணிக்கு அவங்க கோடு போட்டது எங்க? ஜோகுபாளையத்துலயா, ஆஸ்டின் டவுன்லயா?”

“தேர்தல் ஆபீஸ்ல கேட்டா சொல்லுவாங்க.”

“கேட்டா அடுத்த தேர்தலுக்குள்ள சொல்லுவாங்க. நமக்கு நாளன்னிக்கு வேணும். வீடு வீடா போகலாம்.”

பதினான்கு வீடுகள் ஏறி இறங்கினார்கள். டீச்சர் வந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது, தேதி யாருக்கும் இல்லை. ஒரு வீட்டில், பெயர் எழுதிக்கொண்டதற்கு அவள் கொடுத்த ஒப்புகைச் சீட்டை அடுப்பு பற்றவைக்க உபயோகித்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் அதன் பின்பக்கம் பால் தேதி எழுதி, போன வாரம்தான் கிழித்துப் போட்டார்களாம்.

பதினைந்தாவது வீடு மௌரீனுடையது. கிறிஸ்மஸுக்குக் கேக்கும் கல்கல் பலகாரமும் செய்து விற்கும் விதவை. கையெல்லாம் மைதாவோடு கதவைத் திறந்தாள்.

“டேய் மைக்கேல், போன வருஷம் வாங்கின கேக் டப்பாவை இன்னும் திருப்பித் தரல நீ.”

“அதுலதான் ஆன்ட்டி என் சர்ட்டிபிகேட் எல்லாம் வெச்சிருக்கேன். வோட்டர் லிஸ்ட் டீச்சர் வந்தாங்களே, சீட்டு ஏதாச்சும் இருக்கா?”

மௌரீனின் முகம் மாறியது. “வந்தாளே. என் பேரை என்னான்னு எழுதினா தெரியுமா? மாரியம்மா. மேலே இயேசு படம் மாட்டியிருக்கு, அதுக்குக் கீழ நின்னுக்கிட்டு எழுதறா மாரியம்மான்னு. போன தடவையும் இப்படித்தான் ஏதோ எழுதி, ஓட்டே இல்லேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. விடுவேனா? அடிச்சுத் திருத்து, திருத்தினதுக்குக் கையெழுத்துப் போடு, தேதி போடு, மணி போடுன்னேன். பாவம், தலைவலின்னு சொன்னா. காபி குடுத்தேன். ஆனா கையெழுத்து வாங்கிட்டுத்தான் விட்டேன்.”

பைபிளுக்குள்ளிருந்து சீட்டு வந்தது. மாரியம்மா அடிக்கப்பட்டு மௌரீன் ஆகியிருந்தாள். பக்கத்தில் சின்ன, உருண்டையான கையெழுத்து: வித்யாலட்சுமி, 17.11.98, காலை 10.40. கீழே தேர்தல் அலுவலகத்தின் நீல முத்திரை.

ஜெராக்ஸ் கடை வாசலில் மைக்கேல்ராஜ் அந்தச் சீட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். “ஒரே ஆளு, ஒரே நேரம், ரெண்டு இடம். எங்க சபையில இதை அற்புதம்னு சாட்சி சொல்லுவாங்க.”

“எவ்வளவு வாங்கியிருப்பாங்கன்னு நினைக்கிறே, நாராயணசாமிகிட்ட?”

“அந்தப் புடவையைப் பாத்தா வாங்கின மாதிரி தெரியல மேடம்.”

நிருபமாவுக்கு அதில் சம்மதமில்லை. பட்டறைக்காரனுக்காகப் பதிவேட்டை மாற்றிய டீச்சர் என்றே அவள் மனத்துக்குள் முடிவு செய்திருந்தாள். அவளை எப்படி மடக்குவது என்று யோசித்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாள்.

நான்கு மணிக்குப் பிள்ளைகள் போன பிறகு, காலி வகுப்பில் சீட்டின் நகலை மேஜைமேல் வைத்தாள். மடக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வித்யாலட்சுமி அதைப் பார்த்தாள்; நாற்காலியில் உட்கார்ந்தாள்; முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“பத்து நாளா யாராவது வருவாங்கன்னு எதிர்பாத்துட்டிருக்கேன் மேடம். நானா போய்ச் சொல்ல தைரியம் வரல.”

“நாராயணசாமி எப்போ வந்து பாத்தார்?”

“அவரை நான் பாத்ததே இல்ல. அந்த வக்கீல் மேலிடத்துக்கு எழுதிப் போட்டு நகல் வாங்கிட்டார். அதுக்கு முன்னாடியே நான் கோடு போட்டாச்சு. இருபத்து மூணாம் தேதி திரும்பி வந்தேன். விட்டுப்போன நாளுக்கெல்லாம் அன்னிக்கே உக்காந்து போட்டேன். ஒவ்வொரு மாசமும் இப்படித்தான். நாலு வருஷமா.”

“ஏன்?”

“எண்பது சதவீதம் ஹாஜர் இருந்தாத்தான் பிள்ளைக்கு மாசம் மூணு கிலோ அரிசி. அதுக்கும் மேல, தலை குறைஞ்சா பள்ளிக்கூடமே இருக்காது. நான் வந்து சேந்தப்போ இங்க முந்நூத்தி எழுபது பிள்ளைங்க. தொண்ணூத்தொண்ணுல தமிழ்க்காரங்களை அடிச்ச கலவரம் வந்துச்சு. டிசம்பர் லீவுல பாதிக் குடும்பங்க எல்லை தாண்டி சொந்த ஊருக்கே போச்சு, திரும்பல. இப்போ ரெண்டு டீச்சர், எழுபத்தாறு பேரு. பேருதான் எழுபத்தாறு. ஓடு மாத்தணும்னா கட்டடம் மாநகராட்சிதுங்கறாங்க. டீச்சர் கேட்டா கல்வித்துறையைக் கேளுங்கறாங்க.”

“கட்டடம் அவங்களுது, டீச்சர் இவங்களுது” என்றான் மைக்கேல்ராஜ். “பிள்ளைங்க?”

கேட்டிருக்கவேண்டாம் என்பதுபோல அவன் ஜன்னல் பக்கம் போய் நின்றான்.

“ரத்தினம்மா மாசாமாசம் வருவாங்க” என்று டீச்சர் தொடர்ந்தாள். “பவானிக்கு ஹாஜர் போட்டுடுங்க டீச்சர், அரிசி நின்னுடும்னு கையைப் பிடிச்சுப்பாங்க. அவங்க மட்டும் இல்ல, நிறைய பேர். நானும் போடுவேன். பசிக்குப் போடற கோடு, யாருக்கு என்ன நஷ்டம்னு நினைச்சேன். அந்தக் கோடு ஒரு பட்டறைக்காரனைக் காப்பாத்தும்னு நான் நினைச்சுக்கூடப் பாக்கல.”

“அன்னிக்கு ஒரு நாள்தான் போனதா ரத்தினம்மா சொன்னா.”

“வாரத்துல மூணு நாள் மேடம்.”

வித்யாலட்சுமி எழுந்து பீரோவைத் திறந்தாள். பாடப் புத்தகங்களுக்குப் பின்னால் கைவிட்டு, அட்டை போட்ட நூறு பக்க நோட்டு ஒன்றை எடுத்தாள்.

“ரிஜிஸ்டர்ல பொய் எழுதறப்போ, உண்மை எங்கயாவது ஒரு இடத்துல இருக்கணும்னு தோணிச்சு. வராத பிள்ளை எங்க போச்சுன்னு மத்த பிள்ளைங்களைக் கேட்டுக் கேட்டு எழுதி வெச்சேன். பதினேழாம் தேதி நான் இல்ல. ஆனா வந்த அன்னிக்கே கேட்டேன். அந்தப் பட்டறையில அவளோட இருந்த அஞ்சு பிள்ளைங்க பேரும் இதுல இருக்கு. எடுத்துட்டுப் போங்க. ஆனா யார்கிட்டயும் குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை படிச்சிடுங்க.”

கடைசி வாக்கியத்தை அவள் நிருபமாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

பள்ளிக்கூட வாசலில், ஸ்கூட்டரின்மேல் சாய்ந்தபடியே நிருபமா நோட்டைப் பிரித்தாள். நாள்வாரியாக, அதே உருண்டைக் கையெழுத்து. குமார், ஓட்டலில் டம்ளர் கழுவ. சாந்தி, தம்பியைப் பார்த்துக்கொள்ள. பவானி, மெழுகுவர்த்தி. பவானி, மெழுகுவர்த்தி. கேஸ் கையில் விழுந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் வேகமாகப் புரட்டினாள்.

செப்டம்பர் 8, செவ்வாய். பவானி, கேம்பிரிட்ஜ் லேஅவுட், நிருபமா அம்மா வீடு, பாத்திரம்.

அடுத்த நாளும் அதேதான். அதற்கடுத்த நாளும்.

ரத்தினம்மாளுக்கு மஞ்சள்காமாலை வந்த மாதம் அது. அம்மாவுக்குப் பதிலாகப் பவானி வந்து நின்றாள். சிங்க்குக்குக் கை எட்டவில்லை என்று நிருபமாவே ஒரு முக்காலி எடுத்துப் போட்டாள். கெட்டிக்காரப் பெண் என்று சொன்னாள். காலை பத்தரை மணிக்குச் சொன்னாள். அந்த நேரத்தில் ஒரு பத்து வயசுப் பெண் எங்கே இருக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஊரில் தொலைந்துபோன நகையையும் ஓடிப்போன கணவனையும் கண்டுபிடிக்கிறவளுக்கு, தன் வீட்டு அடுக்களையில் முக்காலிமேல் நின்ற பெண்ணிடம் கேட்க ஒரு கேள்வி கிடைக்கவில்லை.

எண்ணிப் பார்த்தாள். பதினொரு நாள்.

மைக்கேல்ராஜ் தோளுக்கு மேலாகப் படித்திருக்கவேண்டும். நோட்டின் முதுகை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு, “மேடம், நடுப்பக்கம் ஸ்டேப்ளர் பின்னுல நிக்குது. ரெண்டு தாளை உருவினா தெரியாது” என்றான். அதில் வேடிக்கை எதுவும் இல்லை. “கேஸுக்கு வேண்டியது நவம்பர்தானே. செப்டம்பர் எதுக்கு?”

நிருபமா நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். உருவவேண்டாம் என்று சொல்லவில்லை. உருவு என்றும் சொல்லவில்லை. அன்றும் மறுநாளும் அந்தப் பை அவள் மேஜைமேலேயே இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் ரத்தினம்மாள் வந்து பாத்திரம் தேய்த்துவிட்டுப் போகும்வரை நிருபமா தன் அறையைவிட்டு வெளியே வரவில்லை.

புதன்கிழமை. தொழிலாளர் துறை அலுவலகத்தின் இரண்டாவது மாடி. அதிகாரி கோவிந்தப்பா கன்னடக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார். ஒரு பக்கம் நாராயணசாமி, வெள்ளைச் சட்டை, விபூதி, பக்கத்தில் வக்கீல். இன்னொரு பக்கம் ரத்தினம்மாளும், கையில் கட்டோடு பவானியும். நடுவில் நின்ற வித்யாலட்சுமி சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லி முடித்தாள். மௌரீனின் சீட்டை அதிகாரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

“சரி. ரிஜிஸ்டர் பொய். ஒத்துக்கறேன்” என்றார் வக்கீல். “டீச்சர் பொய் எழுதறவங்கன்னு அவங்களே சொல்லிட்டாங்க. அப்படிப்பட்டவங்க எழுதின இந்த நோட்டு மட்டும் எப்படி சார் உண்மை? இதுல முத்திரை இல்ல, ஹெட்மிஸ்ட்ரஸ் கையெழுத்து இல்ல. நேத்து ராத்திரி உக்காந்து எழுதினதா இருக்கலாம்.”

கோவிந்தப்பா நோட்டைப் புரட்டினார். “அதுவும் நியாயந்தான். ஹேளம்மா, சொல்லும்மா, இதுக்கு சாட்சி யாராச்சும் இருக்காங்களா?”

“அந்த அஞ்சு பிள்ளைங்க சார்” என்றாள் டீச்சர்.

“பத்து வயசுப் பிள்ளைங்க. அவங்க அப்பா அம்மா எல்லாம் அந்த ஏரியாவுல வாழணும். வந்து சொல்லுவாங்களா?”

வக்கீல் நோட்டை வாங்கி நடுவில் பிரித்தார். “பாருங்க சார், என்னென்னவோ எழுதியிருக்கு. நிருபமா அம்மா வீடு, பாத்திரம். யார் இந்த நிருபமா? இப்படி ஒரு ஆளே இருக்காங்களோ என்னவோ.”

தாள்கள் உருவப்படவில்லை என்பது அப்போதுதான் மைக்கேல்ராஜுக்குத் தெரிந்தது. அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் நிருபமா எழுந்து நின்றிருந்தாள்.

“நான்தான் சார் அது. என் பேர் நிருபமா. கேம்பிரிட்ஜ் லேஅவுட், ரெண்டாவது கிராஸ்.”

கோவிந்தப்பா பேனாவை எடுத்தார்.

“இதுல எழுதியிருக்கறது?”

“உண்மை. பதினொரு நாள். ஒவ்வொண்ணும் ஸ்கூல் நாள். நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. என் வீட்டுக்குள்ள நடந்தது இந்த நோட்டுல தேதியோட இருக்குன்னா, பட்டறையில நடந்ததும் அப்படித்தான் இருக்கும்.”

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தன் கையால் திறந்த பக்கம் அது என்பது புரிந்து நோட்டை மெல்ல மேஜைமேல் வைத்தார்.

கோவிந்தப்பா எழுதிக்கொண்டே கேட்டார்: “என்ன வேலை செஞ்சா?”

“பாத்திரம். ஒரு நாள் மிளகாய்க் காம்பு கிள்ளினா. கண்ணைக் கசக்கிட்டு அழுதா.”

பேனா ஒரு கணம் நின்று பிறகு நகர்ந்தது. “சட்டப்படி உங்க மேல எதுவும் இல்லம்மா. வீட்டு வேலை எங்க லிஸ்ட்டுல வராது. நீங்க உக்காரலாம்.”

நிருபமா உட்காரவில்லை. உட்காரச் சொன்னது காதில் விழுந்ததா என்றே மைக்கேல்ராஜுக்குச் சந்தேகமாக இருந்தது.

அன்று சாயங்காலமே பட்டறையைத் திறந்து சோதித்து, நாராயணசாமிமேல் வழக்குப் போட்டார்கள். உள்ளே ஆறு பிள்ளைகள் இருந்தார்கள். ரத்தினம்மாளைத் தேடிப் போலீஸ் மறுபடி வரவில்லை. அடுத்த வாரம் வித்யாலட்சுமியைச் சஸ்பெண்ட் செய்தார்கள். அதற்கு முந்தின நாள் அவள் வகுப்புக்கு வந்து, பெயர் கூப்பிட்டு, இருந்த பதினாறு பேருக்கு மட்டும் கோடு போட்டுவிட்டுப் போனதாக ஆயா சொன்னாள். அந்த மாதம் பாதி வீடுகளுக்கு அரிசி வரவில்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தப் புதன்கிழமை, விசாரணை முடிந்து வராந்தாவுக்கு வந்தபோது, ரத்தினம்மாள் நிருபமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னை மன்னிச்சிடுங்கம்மா. ஒரு நாள்னு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்.”

நிருபமா தலையை மட்டும் அசைத்தாள்.

“ஆனா நீங்க எதுக்கும்மா அத்தனை பேர் முன்னாடி எழுந்து நின்னீங்க? எம்பொண்ணு உங்க வீட்டுல என்ன பெரிசா செஞ்சிட்டா, ரெண்டு பாத்திரம். பிஸ்கெட் குடுத்தீங்க, டிவி போட்டு விட்டீங்க. உங்க வீடுன்னா அவளுக்கு அவ்வளவு இஷ்டம்.”

பவானி கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு நிருபமாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“கை ஆறினதும் நான் வரலாமா ஆன்ட்டி? அம்மாவுக்கு முடியலைன்னா?”

“இல்லம்மா. இனிமே வரக்கூடாது.”

அந்தச் சின்ன முகம் சுருங்கியது. தான் என்ன தப்பு செய்துவிட்டோம் என்று கேட்பதுபோல அவள் தன் அம்மாவைப் பார்த்தாள்.